வளைவில் கிடந்த சிப்பிக் கல்

கார் சாவியை ஹஃபீசா மாமி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தொழும்போதும் தூங்கும்போதும்கூட அந்த முடிச்சு அவிழவில்லை.

பெண்பிள்ளை கார் ஓட்டினால் லெப்பைக்குடிகாடு இடிந்து விழுந்துவிடாது என்று சவூதியின் தம்மாமிலிருந்து மகன் பிலால் வீடியோ காலில் கெஞ்சிப் பார்த்தான். மாமி மசியவில்லை. லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த மருமகள் இர்பானாவும் விடவில்லை. கடைசியில் மாமியை இறங்கிவர வைத்தது இவர்கள் இருவருமே இல்லை. அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் இஃப்பத்தைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் குறித்தாயிற்று. வழக்கமாக வரும் டிரைவரோ பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார்.

தை மாதத்துக் காலையில், முற்றத்தில் வைத்து மாமி முடிச்சை அவிழ்த்தாள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வந்தது.

"இந்த ஒரு வாட்டிதான். வழியில எதாச்சும் ஒண்ணு ஆச்சு, சாவி பீரோவுக்குப் போயிரும். அப்புறம் பிலாலே நேர்ல வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

"ஒண்ணும் ஆவாது மாமி."

"இன்ஷா அல்லாஹ்னு சொல்லு."

"இன்ஷா அல்லாஹ்."

அந்தச் சாவி இர்பானாவுக்கு வெறும் இரும்பில்லை. பிலால் கடலுக்கு அப்பால் இருக்கும் வருஷங்களில் அவளுக்குத் திறக்கக்கூடிய ஒரே வாசல் அது. ஒரு மருந்துக் கடைக்குக்கூடக் கொழுந்தன் தவ்ஹீதின் சிவப்பு பைக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

மாமி வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். சலவையில் இருந்து வந்த துப்பட்டி, ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. அது இல்லாமல் மாமியைத் தெருவில் பார்த்தவர்கள் அந்த ஊரில் இல்லை. காருக்கு முன்னால் ஒரு கருவேல முள் கிடந்தது. குனிந்து எடுத்து வேலியோரமாகப் போட்டாள்.

"பாதையில கெடக்கற இடைஞ்சல எடுத்துப் போடறதும் ஈமான்ல ஒரு பங்கு" என்றாள், யாருக்கும் இல்லாமல்.

இறைநம்பிக்கையில் இதுவும் சேர்த்தி என்று அவள் தினம் சொல்வதுதான். எடுத்துப் போடாமல் தாண்டிப் போனவர்களுக்குத் தனியாக ஒரு பங்கு திட்டும் வைத்திருப்பாள்.

*

அகரம்சீகூர் தாண்டியதும் பனி இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் கொல்லைகள் இருக்கிற இடம் தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தன. ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் வராததால் அது மங்கிய மஞ்சளாக, யாரோ விரித்துவிட்டு மறந்த ஜமுக்காளம்போலக் கிடந்தது.

கனவு காண்பதற்கு இர்பானாவுக்குத் தூக்கம் வேண்டியதில்லை. ஜன்னலோரம் இருந்தால் போதும். ஓட்டுகிறவளுக்கு ஆகாத குணம்தான். ஆனால் என்ன செய்வது, குணம் லைசென்ஸ் கேட்டுக்கொண்டா வருகிறது?

கல்யாணமான புதிதில் இதே ரோட்டில் பிலால் அவளை பைக்கில் கூட்டிப்போனான். ஓடை ஒன்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். கல்லுக்குள் ஒரு சிப்பி, வரிவரியாக, நேற்று கரை ஒதுங்கியதுபோலப் பதிந்திருந்தது.

"நம்ம பக்கம் பூரா ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்துச்சாம் இர்பானா. நாம இப்ப நிக்கறது கடல் தரை."

அன்றிலிருந்து அவளுக்கு இந்த ரோடு கடல் தரைதான். இன்றைக்குப் பனி வேறு சேர்ந்துகொண்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல மிதந்து வந்து மெல்லக் கடந்து போயின. மேலே எங்கோ அலை இருக்கிறது. அந்த அலையின் அக்கரையில் பிலால் இருக்கிறான். ஓட்டிக்கொண்டே போனால் என்றைக்காவது ஒருநாள் தம்மாம் வந்துவிடும் என்று தோன்றியது.

வந்தது பஞ்சர்.

கார் இடது பக்கமாக இழுத்தது. இர்பானா பதறாமல் பிரேக்கை மெல்ல அழுத்தி, மண் ஓரத்தில் இறக்கி நிறுத்தினாள். நாலு இண்டிகேட்டரையும் போட்டாள். பின்னால் ஒரு வளைவு. வளைந்து வருகிறவனுக்குக் கார் நிற்பது கடைசி நிமிஷம் வரை தெரியாது.

"ஆச்சா?" என்றாள் மாமி. அந்த ஒரு வார்த்தையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

"டயருதான் மாமி. மாத்திடலாம். நீங்க அந்த வேப்பமரத்தடியில உக்காருங்க."

"ஆம்பளைக்கு ஃபோனப் போடு."

போட்டாள். தவ்ஹீத் தூக்கக் குரலில், "அங்கயே இருங்க, நான் வரேன்" என்றான்.

டிக்கியில் இருந்த சிவப்பு முக்கோணத்துக்கு ஒரு கால் உடைந்திருந்தது. நிற்க வைத்தால் லாரிக் காற்றில் படுத்துக்கொண்டது. மாமிக்கு அதைப் பார்த்து எரிச்சல் வந்தது.

"இது என்னா வெளையாட்டுச் சாமான். ஊரு உலகத்துல எல்லாரும் பண்றதப் பண்ணு. கல்ல வை, தழைய வை."

சொன்னதோடு நில்லாமல் அவளே ஓடைப் பக்கம் போய், தலையணை அளவு கல் ஒன்றை மூச்சு வாங்கச் சுமந்து வந்தாள். வளைவுக்கு முன்னால் தார் ரோட்டிலேயே வைத்து, அதன் அடியில் ஒரு வேப்பங்கிளையைச் செருகினாள். வண்டி கெட்டு நின்றால் நம் பக்கத்தில் இதுதான் சட்டம். கிளையைப் பார்த்தால் எந்த டிரைவரும் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவான்.

இர்பானா கல்லைப் பார்த்தாள். அதன் நெற்றியில் ஒரு சிப்பி.

சகுனம் நல்லதாகத்தான் பட்டது. ஜாக்கியை வைத்தாள். நட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்ததும் முனகிக்கொண்டே திரும்பியது. எதிர்ப்பக்கம் மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்த மருதாயி என்ற பெண்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"நீயேவா கழட்டற பாப்பா? எங்க வூட்டு ஆளு இதுக்கு அரை நாளு ஊரக் கூட்டுவாரு."

ஸ்டெப்னியை மாட்டி முடித்தபோது இர்பானாவின் கையெல்லாம் கறுப்பு. மாமி அருகில் வந்து, மாட்டிய டயரைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு அவளையும் மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்."

இர்பானாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் எத்தனையோ பிரியாணி ஆக்கினாள். அது கடைசியில் ஒரு டயருக்கா வர வேண்டும்! கண் கலங்கிக்கொண்டு வந்தது. ஏறி உட்கார்ந்தாள். மாமி இன்று முதல் தடவையாக முன்சீட்டில் ஏறினாள். கார் கிளம்பி, கடல் தரையில் மறுபடி மிதக்கத் தொடங்கியது.

சந்தோஷத்தில் மனுஷனுக்கு முதலில் கெடுவது ஞாபகம்தான்.

*

அரியலூர் நெருங்கும்போது மாமி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூக்குவாளி எங்க?"

இஃப்பத்துக்காக விடியுமுன் எழுந்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பம். உட்காரப் போகும்போது மாமி கையோடு எடுத்துப்போனது, வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டதாயிற்றே! காரைத் திருப்பினார்கள். மாமி மகளுக்கு ஃபோன் போட்டு, வரக் கொஞ்சம் சுணங்கும் என்று சொல்லிவிட்டாள்.

பனி விலகி வெயில் வந்திருந்தது. வளைவில் கூட்டம் தெரிந்தது.

முதலில் இர்பானாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கனவில் பார்ப்பதுபோலச் சத்தமில்லாமல் தெரிந்தது எல்லாம். ரோட்டோரம் ஒருவன் மல்லாந்து கிடந்தான். தலையில் ஹெல்மெட். வலது தொடையில் பேண்ட் கிழிந்து, கீழே மக்காச்சோளம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. அவன் வண்டி ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நின்றது. யாரோ தூக்கி நிறுத்தியிருப்பார்கள். கை எட்டும் தூரத்தில், மண்ணில், ஒரு கல்.

அதன் நெற்றியில் சிப்பி.

சத்தமெல்லாம் அப்போதுதான் ஒரேயடியாகக் காதில் விழுந்தது.

"எந்தப் பாவிப்பயலோ கல்ல நடுரோட்டுல வெச்சிட்டுப் போயிட்டான் பாரு!"

"சோடாவ ஒடைங்கடா, மொகத்துல அடிங்க!"

"தூக்கி உக்கார வையிங்க, ஹெல்மெட்டக் கழட்டுங்க!"

மருதாயி கூட்டத்தில் நின்றாள். இர்பானாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "நான் சாக்கு எடுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. ஆனால் கால்கள் அவனை நோக்கிப் போயின.

பிலால் வேலை செய்யும் கம்பெனியில் அடிபட்டவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வருஷா வருஷம் வகுப்பு நடக்கும். அன்று ராத்திரி வீடியோ காலில் அவளுக்கும் வகுப்பு. நோயாளி, வீட்டுத் தலையணை. "அழுத்து, இன்னும் அழுத்து, என் மேல இருக்கற கோவத்தையெல்லாம் அதுல காட்டு" என்பான். அவள் சிரித்துச் சிரித்துத் தலையணையைக் காப்பாற்றுவாள். இப்போது அந்தக் குரல்தான் காதுக்குள் பேசியது.

"யாரும் தூக்காதீங்க! ஹெல்மெட்டத் தொடாதீங்க, கழுத்துல அடி இருந்தா கெட்டுப் போயிரும். சோடா, தண்ணி ஒண்ணும் வாயில ஊத்தாதீங்க, பொரையேறிடும். அண்ணே, நீங்க நூத்தியெட்டுக்குப் போடுங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னு வண்டியெல்லாம் நிறுத்துங்க."

கூட்டத்துக்கு வேண்டியது ஒரு உத்தரவு. கிடைத்ததும் நகர்ந்தது.

முழங்கால் போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். சூடாக நனைந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினாள். மூச்சு இருந்தது. கண்கள் பாதி திறந்து வானத்தைப் பார்த்தன.

"அண்ணே, உங்க பேரு என்னா?"

"திரு... முருகன்."

"எந்த ஊரு?"

"வாலி... கண்டபுரம்."

"தூங்கிறாதீங்க. பேசிட்டே இருங்க. கழுத்த அசைக்காம பேசுங்க."

அவன் பேசவில்லை, உதடு மட்டும் அசைந்தது. துப்பட்டா ஊறிவிட்டது. முதல் துணியை எடுக்கக் கூடாது, அதன் மேலேயே அடுத்ததை வைக்க வேண்டும் என்று பிலால் சொல்லியிருந்தான். அடுத்ததற்கு எங்கே போவது?

"துணி வேணும்! சுத்தமான துணி!"

பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று அவள் தோளில் விழுந்தது.

மாமியின் துப்பட்டி.

திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில், நட்ட நடு ரோட்டில், ஹஃபீசா மாமி வெறும் சேலையோடு, முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அழுத்து புள்ள" என்றாள். "பாத்துக்கிட்டு நிக்காத, அழுத்து."

இர்பானா அழுத்தினாள். வெள்ளையில் சிவப்பு மெல்ல விரிந்து வந்து, வந்து, ஓரிடத்தில் நின்றது.

*

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே கார் போனது. தூக்குவாளியை மருதாயி கொண்டுவந்து வைத்திருந்தாள். அது மாமியின் மடியில் இருந்தது.

"மாமி, அந்தக் கல்லு..."

"பாத்தேன்."

"டயர மாத்தினதும் நான்தான் எடுத்திருக்கணும்."

"வெச்சவ நான்."

"வண்டி ஓட்டறவளுக்குத்தான் பொறுப்பு மாமி. அதுவும் சேத்துத்தான் லைசென்ஸ்."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோடு அதே ரோடுதான். ஆனால் கடல் வற்றிப்போயிருந்தது. லாரிகள் லாரிகளாகவே வந்தன.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் திருமுருகனை உள்ளே கொண்டுபோனார்கள். நெடுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"தொடை எலும்பு முறிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். உசுருக்கு பயமில்ல. யாரு அமுக்கிப் பிடிச்சது? நல்ல வேலை பண்ணுனீங்க."

இர்பானா சுவரில் சாய்ந்துகொண்டாள். பைக்குள்ளிருந்து ஃபோன் ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு. குரல் மட்டும் தன்மையாக இருந்தது.

"உதவி பண்ணவங்க நீங்களாம்மா? இஷ்டம் இருந்தா பேரு சொல்லலாம். இல்லன்னா வேணாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போறதுன்னா போகலாம்."

போகலாம். கதவு திறந்தே இருந்தது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம். இஃப்பத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மருமகள் ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்று மாமி ஊருக்கெல்லாம் சொல்வாள். சாவி என்றைக்குமாக அவள் கைக்கு வந்துவிடும். ஒரு கல்லைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

அப்போதுதான் சுகன்யா வந்தாள். திருமுருகனின் மனைவி. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் சின்ன வெங்காயத்தின் வாசம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேராக இர்பானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருப்பீங்கக்கா. உங்க புள்ளக்குட்டி நல்லாருக்கும்."

"அதெல்லாம் இல்லம்மா..."

"பேசறாருக்கா. வலி ஊசி போட்டிருக்காங்க, அதுக்குள்ளயும் பேசறாரு. அவரு விழலயாம். கல்லு கெடக்குதுன்னு வண்டிய ஓரமா நிறுத்திட்டு, எறங்கி எடுத்தாராம். எப்பவும் அப்படித்தான். ரோட்டுல ஒரு ஆணி கெடந்தாக்கூட எறங்கிருவாரு. நமக்கென்னான்னு போக மாட்டாரு. கல்ல ஓரமா போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள ஒரு பைக் வந்து அடிச்சிட்டு நிக்காமப் போயிருச்சு."

ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டி இர்பானாவின் கண்ணுக்குள் வந்து நின்றது.

மாமி பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. காலையில் வாசலில் சொன்ன அதே வாக்கியம்தான். ஆனால் பாதிக்கு மேல் சொல்ல வரவில்லை.

"என்ன பைக்குன்னு சொன்னாரா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"சரியாப் பாக்கலயாம் சார், செவப்பா இருந்துச்சுங்கறாரு. ஓட்டிட்டு வந்த பையன் முன்னால பாக்காம, ரோட்டோரத்துல யாரையோ தேடிக்கிட்டே வந்தானாம்."

இர்பானாவின் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. மனசு முழுக்கக் கல்லாக இருந்தது. அவள் சுகன்யாவின் கையை விடாமல் சொன்னாள்.

"அந்தக் கல்லு எங்களோடதும்மா. டயர் மாத்த வெச்சேன். எடுக்காம போயிட்டேன். நான் எடுக்க வேண்டியத உங்க வூட்டுக்காரரு எடுத்தாரு."

சுகன்யாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் திட்டுவாள் என்று இர்பானா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. ரத்தம் காய்ந்திருந்த இர்பானாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் உள்ள போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். "பேரு சொல்றீங்களாம்மா?"

"இர்பானா. லெப்பைக்குடிகாடு. எழுதிக்குங்க சார்."

"அவ பேருக்கு மேல என் பேர எழுதுங்க" என்றாள் மாமி. "ஹஃபீசா. கல்லத் தூக்கிட்டு வந்து வெச்சவ நான்."

அவர் எழுதிக்கொண்டு நகர்ந்ததும் இர்பானா மாமியின் முன்னால் போய் நின்றாள். உள்ளங்கையில் சாவி. கேட்பதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. கொடுக்கும்போது அழக் கூடாது என்றும் இருந்தது. இரண்டாவது நடக்கவில்லை.

"இந்தாங்க மாமி. பீரோவுல வெச்சிருங்க."

துப்பட்டி இல்லாத மாமி இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். சாவியைப் பார்த்தாள். மருமகளின் விரல்களைப் பிடித்து, அதன் மேலேயே மூடினாள்.

"இத நான் வாங்கிட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு யாரு சோறு கொண்டாந்து குடுக்கறது? தெனமும் நீதான் ஓட்டிட்டு வரணும். நானும் வருவேன்."

இர்பானா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கோ வெகு தூரத்தில் கடல் மறுபடி ஊறத் தொடங்குவதுபோல் இருந்தது.

மாமி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"இஃப்பத்துக்கு நான் சொல்லிட்டேன். டயர மாத்தியாச்சு, வர வேணாம்னு தவ்ஹீதுக்கு நீ ஃபோன் பண்ணிச் சொன்னியா புள்ள?"

இர்பானா அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தாள். தவறிய அழைப்பு ஒன்று, தவ்ஹீதிடமிருந்து. திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.